அப்பாயியின் அடுக்களை

அடுதல் என்பது சமைத்தலைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல். அடுப்பு, அடுக்களை, அட்டில், அடிசில் என்பன யாவும் அவ்வொரு வேரினின்று கிளைத்தவை. இதனை என் ஆசிரியர் எனக்குப் பதினாறாம் வயதிற் கற்பித்தார். ஆயினும், அச்சொற்கள் குறிக்கும் பொருள்களை அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்னரே என் அப்பாயி எனக்குக் காட்டியிருந்தார். எழுத்தறியாத அம்மூதாட்டியிடம் நான் கற்ற தமிழ் எவ்வளவு என்பதை, பல்லாண்டுகள் தமிழாசிரியனாகப் பணியாற்றிய பின்னரே உணர்ந்தேன்.

தந்தையைப் பெற்றவரை அப்பாயி என்றும் அப்பத்தா என்றும், தாயைப் பெற்றவரை அம்மாயி என்றும் அம்மாச்சி என்றும் புதுக்கோட்டைப் பகுதியில் அழைப்பர். நகரத்தார் இல்லங்களில் தாயைப் பெற்றவருக்கு ஆயா என்று பெயர். எங்கள் ஊர் திருமயத்துக்கு அருகிலுள்ள ஒரு சிற்றூர். செம்மண்ணும் பாறையும் மழையை நோக்கிக் கிடக்கும் கண்மாய்களும் கொண்ட நிலம் அது. 1948 வரை இப்பகுதி தொண்டைமான் மன்னரின் ஆட்சியில் இருந்தது. 1974 சனவரி 14 ஆம் நாள் புதுக்கோட்டை தனி மாவட்டமாயிற்று. என் இளமைக்காலம் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. அப்பாயிக்கோ எல்லாமே ‘ராசா காலம்’தான்.

கோடை விடுமுறையில் பேரன் பேத்தியர் பதினொருவர் அவ்வீட்டில் ஒன்றுகூடுவோம். பதினொரு பிள்ளைகளை ஒரு வீட்டில் அடக்கி வைத்தல் எளிதன்று. அப்பாயி எங்களை அடக்க முயன்றதே இல்லை. ஆளுக்கொரு வேலை கொடுத்துவிடுவார். கோடை என்பது புளி தட்டும் காலம். திண்ணையில் புளியைக் குவித்து, ஓட்டை நீக்கி, நாரை உரித்து, கொட்டையைத் தட்டி எடுத்தல் வேண்டும். “கொட்டையெல்லாம் உங்களுக்கு” என்று அவர் ஒரு சொல் சொன்னால் போதும்; நண்பகலுக்குள் புளி முழுவதும் சுத்தமாகிவிடும். வேலை யாருடையது, விளையாட்டு யாருடையது என்று பிரித்தறிய எங்களுக்கு அப்போது தெரியவில்லை.

அக்கொட்டைகள் மாலையில் பல்லாங்குழிக்கு வரும். பல்லாங்குழி என்பது இரு வரிசையில் ஏழேழாகப் பதினான்கு குழிகள் உடைய பலகை. குழிக்கு ஐந்தாக இட்டால் எழுபது கொட்டைகள் வேண்டும். ஒரு குழியில் உள்ளவற்றை அள்ளி, அடுத்தடுத்த குழிகளில் ஒவ்வொன்றாக இட்டுக்கொண்டே செல்லுதல் வேண்டும். கை வெறுமையானால் அடுத்த குழியினின்று அள்ளுதல் வேண்டும். அடுத்த குழி வெறுங்குழியாயின் அதனைத் தடவிவிட்டு, அதற்கடுத்த குழியில் இருப்பதை எடுத்துக்கொண்டு ஆட்டத்தை விட்டுக்கொடுக்கவேண்டும். ஒரு குழியில் நான்கு சேர்ந்தால் அது ‘பசு’. குழிக்குரியவர் அதனை எடுத்துக்கொள்வார். எந்தக் குழியில் தொடங்கினால் எந்தக் குழியில் முடியும் என்பதை அப்பாயி கண்ணாலேயே கணித்துவிடுவார். ஆயினும், எங்களுள் இளையவள் எதிரில் அமர்ந்தால் மட்டும் அவருக்குக் கணக்குத் தவறிப் போகும்! “அப்பாயி வேண்டுமென்றே தோற்கிறார்” என்று மூத்தவர்கள் முறையிட்டால், “வயதாகிவிட்டது, கண் தெரியவில்லை” என்பார். அதே கண்தான் நூறடிக்கு அப்பால் நாங்கள் மாங்காய் பறிப்பதைக் கண்டுபிடிக்கும்.

அவர் அளவை முறையும் இத்தகையதே. பழைய முகத்தலளவையில் இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு நாழி, அதாவது ஒரு படி. எட்டு நாழி கொண்டது ஒரு குறுணி அல்லது மரக்கால். பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். மெட்ரிக் அளவைக்கான சட்டம் 1956 இல் இயற்றப்பட்டது. பள்ளியில் நாங்கள் கற்றவை கிராமும் லிட்டருமே. வீட்டுக்கு வந்தால் உழக்கும் உரியும் காத்திருக்கும். வெள்ளைப் பணியாரம் சுடும் நாளில் அப்பாயி உழக்கில் பச்சரிசியைத் தலை தட்டி அளப்பார். பிறகு அவ்வரிசியின் மேலேயே உளுந்தைக் கோபுரமாகக் குவிப்பார். அக்கோபுரத்துக்கு மேல் ஒரு மணியும் நில்லாது உருளும்போது அளவு முடிந்தது. அரிசிக்கு உளுந்து எவ்வளவு என்பதற்கு வேறு கணக்கில்லை. கோபுரம் கட்டும் உரிமைக்காக எங்களுக்குள் நாள்தோறும் சண்டை நிகழும். கட்டியவன் கை நடுங்கி உளுந்து சிந்தினால், சிந்தியதைப் பொறுக்குதலும் அவன் கடமை.

இரண்டையும் ஒன்றாக ஊறவைத்து, ஆட்டுக்கல்லில் வெண்ணெய்போல ஆட்டி, புளிக்கவிடாமல், ஒரு கரண்டி மாவை எண்ணெயில் ஊற்றினால் பணியாரம் தாமரையிலை போல் விரிந்து மேலெழும். உளுந்து மிகுந்தால் எண்ணெய் குடிக்கும். குறைந்தால் தட்டையாகி விறைக்கும். கோபுரத்தின் பொருள் அப்போது விளங்கும்.

இனி அதிரசத்தைப் பற்றிச் சற்று விரித்துரைத்தல் வேண்டும். ஏனெனில், அப்பாயியின் கலை முழுவதும் அதிலேதான் இருந்தது. பச்சரிசியை ஊறவைத்து, நீரை வடித்து, துணியிற் பரப்பி நிழலில் உலர்த்தி, ஈரம் முற்றும் நீங்குமுன் உரலில் இடித்து மாவாக்குவர். வெல்லத்தைக் கரைத்து, வடிகட்டி, பாகு காய்ச்சுவர். பாகு கொதிக்கக் கொதிக்க அதிலுள்ள நீர் ஆவியாகும், இனிப்புச் செறியும், அதன் வெப்பநிலையும் நீரின் கொதிநிலையாகிய 100 பாகையைக் கடந்து மேலேறும். ஏறத்தாழ 115 பாகை செல்சியஸில் பாகு உருட்டும் பதத்தை அடைகிறது. இன்று இதற்கு வெப்பமானி உண்டு. அப்பாயிக்கு ஒரு கிண்ணம் குளிர்ந்த நீரும் இரண்டு விரல்களுமே கருவிகள். ஒரு துளிப் பாகை நீரில் விடுவார். கரைந்து பரவினால் பதம் வரவில்லை. திரண்டு, விரலுக்கு மெத்தென உருண்டால் பதம். கிண்ணத்தில் எறியும்போது கல்லென ஒலித்தால் பதம் கடந்துவிட்டது.

நீரில் விட்ட அத்துளி யாருக்கு? அடுப்பைச் சூழ்ந்து நிற்கும் எங்களுக்கே. “ஐயா, உருட்டிப் பார்த்துச் சொல், பதம் வந்துவிட்டதா?” என்று என்னிடம் கேட்பார். “இன்னும் வரவில்லை, அப்பாயி” என்பேன்; அடுத்த துளி வரவேண்டும் அன்றோ? எனக்குப் பின்னால் நிற்பவரும் அதே விடையைக் கூறுவர். ஒரு தீபாவளிக்கு முந்தைய நாள், பேரப்பிள்ளைகளின் சொல்லை நம்பி அவர் அடுப்பை எரியவிட்டார். அவ்வாண்டு அதிரசத்தை உடைக்க உலக்கை வேண்டியிருந்தது. எங்கள் தாத்தா அதனை மோரில் ஊறவைத்து உண்டார். அப்பாயி யாரையும் கடிந்துகொள்ளவில்லை. மறு ஆண்டு துளியை உருட்டுமுன், “சென்ற ஆண்டு அதிரசம் நினைவிருக்கிறதா?” என்று மட்டும் கேட்டார். அன்று முதல் நான் பதத்தில் பொய் சொன்னதில்லை.

பலாக்கொட்டை சுடும் விளையாட்டையும் கூறவேண்டும். ஆலங்குடி, வடகாடு பக்கத்துப் பலாப்பழம் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டால், சுளை முடிந்த பின்னும் கொட்டைகள் இரண்டு வாரத்துக்கு இருக்கும். தணலில் இடுமுன் ஒவ்வொன்றின் தோலிலும் கத்தியால் ஒரு கீறல் இடுவார் அப்பாயி. ஏன் என்று கேட்ட என் தமையனிடம், “கீறாமல் ஒன்றைப் போட்டுப் பார்” என்றார். உள்ளிருந்த நீர் ஆவியாகி, வெளியேற வழியின்றி, கொட்டை வெடித்துச் சாம்பலை எங்கள் முகமெல்லாம் பூசியது. நீராவியின் ஆற்றலைப் பற்றிப் பின்னர்ப் பள்ளியில் கேட்டபோது அவன் வியப்படையவில்லை.

ஆவி என்றதும் ஆவுடையார்கோயில் நினைவுக்கு வருகிறது. நம் மாவட்டத்து அத்திருக்கோயிலில் புழுங்கலரிசிச் சோற்றைச் சுடச்சுடப் பரப்பி, கீரையும் பாகற்காய்க் கறியும் வைத்து, எழும் ஆவியையே இறைவனுக்குப் படைப்பர். “சாமிக்கு ஆவி, நமக்குச் சோறு” என்பார் அப்பாயி, நிலாச்சோற்று இரவில் பெரிய சட்டியில் குழம்புச் சோற்றைப் பிசைந்தபடியே. நாங்கள் வட்டமாக அமர்ந்து கை நீட்டுவோம். கை மாறிக் கை உருண்டைகள் விழும். பாகற்காயை உண்ணாதவன்கூட அவ்விருளில் எது விழுந்தது என்று அறியாமல் விழுங்கிவிடுவான்.

ஆடி மாதத்தில் கும்மாயம் கிண்டுவார். உளுந்து, பாசிப்பருப்பு, பச்சரிசி ஆகியவற்றை வறுத்துத் திரித்த மாவைக் கருப்பட்டிப் பாகும் நெய்யும் சேர்த்துக் கிளறுவது அது. ஆடிக்கூழ் என்பாரும் உளர். பின்னாளில் மணிமேகலையைப் பாடம் கேட்டபோது கும்மாயம் என்னும் சொல் அங்கே வந்தது. பயற்றினால் ஆக்கும் உணவு என்று ஆசிரியர் உரை கூறினார். என் உடன் மாணவர்கள் எழுதிக்கொண்டனர். எனக்கு நாவில் நீர் ஊறியது.

இவற்றுக்கெல்லாம் மேலாக நான் கருதுவது முறத்தடியில் கற்ற பாடம். முறத்தை மேலும் கீழுமாக வீசி உமியையும் தூசியையும் பறக்கவிடுதல் புடைத்தல். பக்கவாட்டில் அசைத்துக் குறுநொய்யையும் பருமணியையும் தனித்தனியே ஒதுக்குதல் கொழித்தல். இடித்த மாவில் நுண்ணியதையும் பரியதையும் பிரித்தல் தெள்ளுதல். நீரிலிட்டுக் கழுவுதல் களைதல். ஒரே முறத்தில் வெவ்வேறு கையசைவு, வெவ்வேறு ஒலி, வெவ்வேறு பெயர். கண்ணை மூடிக்கொண்டு, ஒலியைக் கேட்டே அவர் செய்வது எது என்று சொல்லுதல் எங்கள் விளையாட்டுகளுள் ஒன்று.

நான் பணியாற்றிய பள்ளியொன்றில், பாடத்தில் ஆறு பொன் கொழித்தது என்னும் தொடர் வந்தது. கொழித்தல் என்றால் யாது என வினவினேன். வகுப்பு வாளாவிருந்தது. கையிலிருந்த சிற்றகராதியைப் புரட்டச் சொன்னேன். அதில் கொழித்தலுக்குப் புடைத்தல் என்றும், புடைத்தலுக்குக் கொழித்தல் என்றும் பொருள் இருந்தது! அப்போது கடைசி வரிசையிலிருந்த ஒரு சிறுமி எழுந்து, “ஐயா, இரண்டும் ஒன்றில்லை” என்றாள். பரீட்சை அட்டையை முறம்போலப் பிடித்து, மேலும் கீழும் வீசிக் காட்டினாள். பிறகு பக்கவாட்டில் அசைத்துக் காட்டினாள். “ஆற்று நீரும் இப்படித்தான் அசைந்து அசைந்து மணலைக் கரையில் ஒதுக்கும்” என்றாள். அவள் தன் அம்மாச்சி வீட்டில் வளர்பவள் என்று பின்னர் அறிந்தேன். பொன் கொழிக்கும் ஆறும், செல்வம் கொழிக்கும் நாடும், தெள்ளு தமிழும், குற்றம் களைதலும் முறத்தையும் அரிசியையும் அறியாதவனுக்கு வெறும் சொற்களே. அந்நாற்பது மாணவரை நான் குறை கூறேன். அரிசி கல்லின்றிப் பையில் வருகிறது, முறத்துக்கு வேலையில்லை, பாட்டி ஓரூரிலும் பேரன் ஓரூரிலும் வாழ்கின்றனர். செயல் மறைந்தால் அதன் பெயர் அகராதிக்குப் போய்விடுகிறது. அங்கும் அது நேராக இருப்பதில்லை.

அதற்காக அக்காலத்தைப் பொற்காலம் என்று பாடவும் நான் ஒருப்படேன். அப்பாயி விடியுமுன் எழுந்து புகையில் கண் கலங்கியவர். வரகும் கேழ்வரகும் அவர் விரும்பிச் சமைத்தவை அல்ல. நெல் விளையாத ஆண்டில் வேறு வழியின்றிச் சமைத்தவை. 2023 ஆம் ஆண்டை உலக நாடுகள் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியபோது, அவர் இருந்திருந்தால் வாய்விட்டு நகைத்திருப்பார். மின்னம்மி வந்தது நன்றே. கைவேலை குறையட்டும், கைவேலையோடு வந்த சொல்லும் பதமும் அடுத்த தலைமுறைக்குப் போய்ச் சேரும் வழி யாது என்பதே என் கவலை.

அவ்வழிகளுள் ஒன்றை நம் மாவட்டத்தாரே கண்டனர். சின்ன வீரமங்கலம் என்னும் சிற்றூரில் பெரியதம்பி என்னும் முதியவரும் அவர்தம் பேரன்மாரும் 2018 இல் வயல்வெளியில் அடுப்பு மூட்டிச் சமைத்து, அதனைப் படம்பிடித்து யூடியூபில் வெளியிடலாயினர். அம்மியில் மசாலை அரைத்து, சட்டியில் இடும் ஒவ்வொரு பொருளின் பெயரையும் உரத்த குரலில் கூறி இடுவது அவர்கள் வழக்கம். சமைத்ததை முதியோர்க்கு வழங்கினர். 2021 இல் அவர்களைப் பின்தொடர்வோர் தொகை ஒரு கோடியைத் தாண்டியது. அவ்வாண்டே கொரோனா நிவாரணத்துக்காக முதலமைச்சர் நிதிக்கு 10 இலட்சம் ரூபாய் அளித்தனர். இங்கே கற்பிப்பவர் பாட்டியல்லர், பாட்டனார். பேரன்மாரும் வளர்ந்த இளைஞர்கள். எனினும், பொருளைக் கையில் ஏந்திப் பெயரை வாயாற் சொல்லும் அம்முறை என் அப்பாயியின் முறையே. படத்தில் இல்லாதது ஒன்று உண்டு. நீரில் விட்ட துளி அதனைப் பார்ப்பவன் நாவுக்கு வாராது.

சென்ற தைப்பொங்கலுக்கு வந்திருந்த என் பேத்தி, வெள்ளைப் பணியாரத்தின் செய்முறையைத் தன் குறிப்பேட்டில் எழுதப் போவதாகக் கூறினாள். ஒன்பது வயது. பழைய உழக்கைத் தேடியெடுத்து அரிசியைத் தலை தட்டினேன். “உளுந்து எத்தனை கிராம், தாத்தா?” என்றாள். “கோபுரமாக” என்றேன். அவளுக்கு அது விடையாகத் தோன்றவில்லை. கோபுரம் கட்டி, அவ்வுளுந்தைத் தராசில் இட்டு நிறுத்தாள். ஐயம் தீரவில்லை, மீண்டும் கட்டி நிறுத்தாள், மூன்றாம் முறையும் நிறுத்தாள். மூன்று முறையும் மூன்று எண்கள் வந்தன. சிறிது நேரம் எழுதுகோலைக் கடித்துக்கொண்டிருந்தாள். பிறகு அம்மூன்றையும் அடித்துவிட்டு, ஒரு சிறு கோபுரத்தை வரைந்தாள்.