குளத்து மீன்களுக்கு வரும் புண் நோய்

ஐப்பசி, கார்த்திகை மழையில் நமது ஏரிகளும் குளங்களும் நிரம்புகின்றன. அதன்பின் வரும் மார்கழிக் குளிரில், சில குளங்களில் விரால் மீன்கள் நீர்மட்டத்துக்கு மேலே தலையைத் தூக்கியவாறு சோர்ந்து மிதப்பதைக் காணலாம். பிடித்துப் பார்த்தால் உடலில் சிவந்த புள்ளிகளோ, குழிந்த புண்களோ காணப்படும். சில நாட்களில் அவை செத்துக் கரை ஒதுங்கும். மீன்பாசிக் குத்தகை எடுத்தவர் முதலை இழப்பார். அடுத்த ஏலத்தில் ஊராட்சியின் வருமானமும் குன்றும். ஆகவே, இந்நோயைப் பற்றி ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயிகளும் அறிந்திருத்தல் அவசியமாகும்.

நோயின் காரணம்

இந்நோய் 1971இல் ஜப்பானிலும் 1972இல் ஆஸ்திரேலியாவிலும் கண்டறியப்பட்டது. 1988இல் நமது நாட்டின் வடகிழக்கு மாநிலங்களில் பரவியது. 1991இல் கேரளத்தின் குட்டநாட்டைத் தாக்கியது. 'அபனோமைசஸ் இன்வடன்ஸ்' என்னும் பூஞ்சை போன்ற நுண்ணுயிரே இதற்குக் காரணம். இதன் வித்துக்கள் நீரில் நீந்திச் சென்று மீனின் தோலில் ஒட்டிக்கொண்டு, சதைக்குள் வேர்போல் ஊடுருவுகின்றன. பிறகு பாக்டீரியாக்களும் சேர்ந்து புண்ணை அழுகச் செய்கின்றன.

வலை உரசுதல், பறவை கொத்துதல், மீன் பேன் கடித்தல் ஆகியவற்றால் தோல் காயமுற்ற மீனை இந்நோய் எளிதில் பற்றும். மழை வெள்ளத்தால் நீரின் காரத்தன்மை குறைவதும், நீர் குளிர்வதும் அதற்குத் துணை செய்கின்றன. விரால், குறவை, சிறு கெண்டை ஆகியவை முதலில் பாதிக்கப்படும். ஜிலேபி மீன் பெரும்பாலும் தப்பிவிடும்.

சிகிச்சை

மாட்டுக்குப் புண் வந்தால் மருந்து தடவிக் கட்டுகிறோம். குளத்திலுள்ள ஆயிரக்கணக்கான மீன்களுக்கு அவ்வாறு செய்ய இயலாது. நீரைச் சீர்செய்வதே மீனுக்குச் செய்யும் சிகிச்சை. சதை அரிக்கப்பட்ட ஆழமான புண் ஆறுவது அரிது. சிவந்த புள்ளிகள் தோன்றும்போதே கவனித்தால் பெரும்பாலான மீன்களைக் காப்பாற்றலாம்.

முதலில் தீவனத்தையும் சாணமிடுவதையும் நிறுத்த வேண்டும். அடுத்து, ஏக்கருக்கு 40 முதல் 50 கிலோ சுண்ணாம்பை நீரில் நீர்த்து, நன்கு ஆறியபின் குளம் முழுவதும் தெளிக்க வேண்டும். சூடான சுண்ணாம்பை அப்படியே கொட்டினால் மீன்கள் மடியும். நீரில் காரம் ஏற்கெனவே மிகுந்திருந்தால் சுண்ணாம்பு கூடாது. ஆதலால் முன்னதாக நீரைச் சோதித்துக் கொள்க.

புவனேசுவரத்திலுள்ள மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம் இந்நோய்க்கென 'சிபாக்ஸ்' என்னும் மருந்தை உருவாக்கியுள்ளது. ஒரு ஹெக்டேர் பரப்பும் ஒரு மீட்டர் ஆழமும் கொண்ட நீருக்கு 1 லிட்டர் போதும். 5 ஏக்கர் பரப்பும் சராசரி ஒன்றரை மீட்டர் ஆழமும் உள்ள குளத்துக்கு ஏறக்குறைய 3 லிட்டர் தேவைப்படும். அதை நிறைய நீரில் கலந்து குளமெங்கும் தெளித்தல் வேண்டும். மக்கள் குடிக்கவோ கால்நடைகள் அருந்தவோ பயன்படும் குளமாயின், மீன்வளத்துறை அலுவலரைக் கேளாமல் எம்மருந்தையும் இடலாகாது.

வருமுன் காத்தல்

கோடையில் குளம் வற்றும்போது தரையை நன்கு காயவிட்டு, ஏக்கருக்கு 80 முதல் 100 கிலோ சுண்ணாம்பு இடுவது நல்ல தடுப்பு முறை. வாங்கி வந்த குஞ்சுகளை, 10 லிட்டர் நீரில் 300 கிராம் சமையல் உப்பைக் கரைத்து, அதில் இரண்டு மூன்று நிமிடம் வைத்திருந்து குளத்தில் விடுக. அவை தள்ளாடத் தொடங்கினால் உடனே எடுத்துவிட வேண்டும். ஒரு குளத்தில் இழுத்த வலையையும் கூடையையும் வெயிலில் நன்கு உலர்த்தாமல் மற்றொரு குளத்தில் இறக்கக் கூடாது.

செத்த மீன்களை வாய்க்காலில் எறிவது பெருந்தவறு. இன்று நம் ஏரியில் இருக்கும் நோய் நாளை கீழேயுள்ள ஊரின் ஏரிக்குச் சென்றுவிடும். கரையிலிருந்து தள்ளிக் குழிதோண்டி, சுண்ணாம்பு தூவிப் புதைக்க வேண்டும்.

வீண் அச்சம் வேண்டாம்

புண் நோய் வந்தது என்ற செய்தி பரவினால் அந்த வட்டாரத்து மீனையே மக்கள் வாங்க மறுப்பதுண்டு. இதனால் நோயற்ற மீன் விற்பவரும் நட்டமடைவர். இந்த நுண்ணுயிர் மனித உடலின் வெப்பத்தில் வளர்வதில்லை. ஆகவே இந்நோய் மனிதரைத் தொற்றுவதில்லை. எனினும் அழுகிய புண்ணுள்ள மீனை உண்ணலாகாது, விற்கவும் கூடாது. நல்ல மீனை நன்கு வேகவைத்து உண்பதில் தீங்கில்லை.

சுண்ணாம்பு இடுவதும், வலையை உலர்த்துவதும், செத்த மீனைப் புதைப்பதும் பெருஞ்செலவு பிடிக்கும் காரியங்கள் அல்ல. மழைக்காலத்திற்கு முன்பே ஊராட்சியும் குத்தகைதாரரும் கூடிப் பேசி இவற்றை ஏற்பாடு செய்துகொண்டால், குளத்தின் செல்வம் ஊருக்குப் பயன்படும்.