ஆசியாவின் வரிசையில் விழுப்புரம் எங்கே?

ஐ.நா. வளர்ச்சித் திட்டம் மனித மேம்பாட்டு அறிக்கையை வெளியிடும்போதெல்லாம் நம் நாளிதழ்களில் ஒரு நாள் செய்தி வரும்: இந்தியா இத்தனையாவது இடம். 2025 அறிக்கையில் 193 நாடுகளில் நமக்கு 130-ஆவது இடம். சீனா 78, இலங்கை 89, வியட்நாம் 93. வங்கதேசமும் நாமும் ஒரே மதிப்பெண் பெற்று ஒரே இடத்தில் நிற்கிறோம். அந்தப் பட்டியலைப் பார்க்கும்போது எனக்கு எழும் கேள்வி ஒன்றுதான். இதில் விழுப்புரம் எங்கே?

மாவட்டத்தை நாடுகளோடு சேர்த்துப் பேசலாமா என்று தோன்றலாம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, கள்ளக்குறிச்சி பிரிவதற்கு முன்பிருந்த விழுப்புரம் மாவட்டத்தில் 34,58,873 பேர். அந்த ஆண்டில் மங்கோலியா நாட்டின் மொத்த மக்கள் இதைவிடக் குறைவு. பூட்டானைப் போல நான்கு நாடுகளை இந்த ஒரு மாவட்டத்துக்குள் அடக்கிவிடலாம். மங்கோலியாவுக்கும் பூட்டானுக்கும் ஐ.நா. பட்டியலில் தனி வரி உண்டு. அங்கே பிறக்கும் குழந்தை எத்தனை ஆண்டு வாழும், எத்தனை ஆண்டு பள்ளிக்குப் போகும் என்று உலகம் தனியாகக் கணக்கு வைக்கிறது. செஞ்சியிலும் மரக்காணத்திலும் பிறக்கும் குழந்தையோ 140 கோடிப் பேரின் சராசரிக்குள் கரைந்துபோகிறது.

விழுப்புரத்துக்கும் ஒருமுறை கணக்குப் போட்டார்கள். தமிழ்நாடு அரசு 2003-இல் தன் முதல் மனித மேம்பாட்டு அறிக்கையை வெளியிட்டது. ஆயுள், கல்வி, வருமானம் என்ற மூன்றையும் சேர்த்து, ஏறத்தாழ ஐ.நா.வின் முறையிலேயே 29 மாவட்டங்களுக்கும் மதிப்பெண் போட்டிருந்தார்கள். சென்னை முதலிடம். இரண்டாமிடம் காஞ்சிபுரம், 0.712. கடைசிக்கு முந்தைய இடம் விழுப்புரம், 0.587. கடைசி தருமபுரி. இந்த வரிசையில் இரண்டாவதாக வந்த மாவட்டமும் கடைசிக்கு முந்தையதாக வந்த மாவட்டமும் அன்று ஒன்றையொன்று ஒட்டி இருந்தன. அச்சிறுப்பாக்கத்தில் பேருந்து ஏறி திண்டிவனம் போகிறவர் நடுவில் இறங்காமலேயே அந்த இடைவெளியைக் கடந்துவிடுவார்.

அதே 2003-இல் ஐ.நா. அறிக்கை இந்தியாவுக்குக் கொடுத்த மதிப்பெண் 0.590. வியட்நாமுக்கு 0.688, இலங்கைக்கு 0.730. நாட்டுக் கணக்கையும் மாவட்டக் கணக்கையும் நூலிழை பிசகாமல் ஒப்பிட முடியாது. ஆனாலும் அளவு புரிகிறது. திண்டிவனத்துக்கு வடக்கே காஞ்சிபுரம் மாவட்டம் வியட்நாமைத் தாண்டி இலங்கையை நெருங்கிக்கொண்டிருந்தது. திண்டிவனத்துக்குத் தெற்கே விழுப்புரம் இந்தியாவின் சராசரியைக்கூடத் தொடவில்லை. சென்னையில் இருந்துகொண்டு தமிழ்நாடு வளர்ந்த மாநிலம் என்று பெருமைப்பட்டவர்களுக்கு இரண்டரை மணி நேரப் பயணத்தில் இப்படியொரு உண்மை இருந்தது.

இந்தக் கணக்கிலும் ஒரு மறைப்பு உண்டு. காஞ்சிபுரம் மாவட்டத்தின் எண்ணைத் தூக்கிப் பிடித்தது ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளும் சென்னையின் புறநகரும். அன்று அதே மாவட்டத்தில் இருந்த செய்யூர் வட்டத்து மானாவாரி விவசாயிக்கும் எல்லைக்கு இப்பால் மரக்காணத்து விவசாயிக்கும் வாழ்க்கையில் பெரிய வேறுபாடு கிடையாது. நாட்டின் சராசரி மாவட்டத்தை மறைக்கிறது, மாவட்டத்தின் சராசரி வட்டத்தை மறைக்கிறது. கீழே போகப் போகத்தான் உண்மை தட்டுப்படும்.

அப்படிக் கீழே வரை போய்ப் பார்க்கப்பட்ட ஊர் விழுப்புரம் மாவட்டத்திலேயே இருக்கிறது. சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் அரசூரை ஒட்டிய இருவேல்பட்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளாதாரப் பேராசிரியராக வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், 1916-இல் தன் மாணவர்களைக் கொண்டு சில தென்னிந்தியக் கிராமங்களின் நிலம், கூலி, கடன், சாதி, வீடு எல்லாவற்றையும் எழுதவைத்தார். 1918-இல் அது புத்தகமாக வந்தது. அதில், விழுப்புரம் அன்று அடங்கியிருந்த தென்னார்க்காடு மாவட்டத்திலிருந்து இடம்பெற்ற ஊர் இருவேல்பட்டு. பிறகு 1930-களில் பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் அதே கிராமங்களை மறுபடி ஆராய்ந்தார்கள். 1961-இல் மார்கரெட் ஹாஸ்வெல் வந்தார். 1981-இல் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் எஸ். குஹனும் மானிடவியலாளர் ஜோன் மென்ச்சரும் வந்தார்கள். 2008-இல் ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் மூவரும் ஆராய்ந்தார்கள். ஒரே ஊரை 90 ஆண்டுகளுக்கு மேல் திரும்பத் திரும்பப் பார்த்த ஆய்வு ஆசியாவிலேயே அரிது.

ஸ்லேட்டர் காலத்தில் ஊரின் நிலம் சில பெரிய குடும்பங்களின் கையில் இருந்தது. உழைத்தவர்கள் படியாட்கள். வாங்கிய கடனுக்காக ஒரே பண்ணையில் கட்டுண்டு, கூலியைத் தானியமாக அளந்து வாங்கியவர்கள். பெரும்பாலும் தாழ்த்தப்பட்ட மக்கள். 1981-இல் குஹன் பார்த்தபோதும் நிலக்காரரின் பிடி விட்டிருக்கவில்லை, வறுமையும் கனமாகவே இருந்தது. 2008-இல் படம் மாறியிருந்தது. படியாள் முறை போய்விட்டது. பெரிய நிலக்காரர்களின் அதிகாரம் தளர்ந்துவிட்டது. ஊருக்கு வெளியே வேலைக்குப் போய்ச் சம்பாதித்துவரும் பணத்தில் பல குடும்பங்கள் நடந்தன. கூலி பேசும் தைரியம் உழைப்பாளிக்கு வந்திருந்தது. ரேஷன் அரிசி, சத்துணவு, முதியோர் உதவித்தொகை என்று அரசு கொடுத்தவை, நிலக்காரர் வீட்டு வாசலில் போய் நிற்கும் கட்டாயத்தைக் குறைத்திருந்தன.

இந்த ஒப்பீட்டில் எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். இருவேல்பட்டில் நிலம் பகிரப்படவில்லை, பக்கத்தில் பெரிய தொழிற்சாலையும் முளைத்துவிடவில்லை. ஆனாலும் ஏழையின் நிலை மாறியது. அடுப்பில் அரிசி இருந்தால், குழந்தைக்குப் பள்ளியில் மதியச் சோறு கிடைத்தால், குறைந்த கூலிக்கு வரமாட்டேன் என்று ஒரு மனிதரால் சொல்ல முடிகிறது. நூறு நாள் வேலைத் திட்டம் 2006 பிப்ரவரியில் நாட்டின் 200 மாவட்டங்களில் தொடங்கியபோது தமிழ்நாட்டில் ஆறு மாவட்டங்கள்தான் தேர்வாயின. விழுப்புரம் அவற்றில் ஒன்று. பின்தங்கிய மாவட்டம் என்பதற்காகக் கிடைத்த இடம் அது. ஏரி வேலைக்குப் போன பெண்கள் தங்கள் பெயரில் கூலி வாங்கியதற்கும் அந்தத் திட்டமே காரணமாயிற்று.

ஆசியாவில் இந்தப் பாடத்தை நமக்கு முன்பே கற்ற நாடு இலங்கை. சுதந்திரத்துக்கு முன்பே, 1945-இல், சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கரா கொண்டுவந்த சட்டத்தால் அங்கே கல்வி இலவசமானது. மருத்துவமும் அரிசிப் பங்கீடும் அதோடு சேர்ந்துகொண்டன. 2022-இல் கடனைக் கட்ட முடியாமல் அந்த நாடு திவாலான பிறகும் மேம்பாட்டு வரிசையில் நம்மைவிட 41 இடம் முன்னால் இருக்கிறது. அங்கே சராசரி ஆயுள் 77-ஐத் தாண்டுகிறது, இந்தியாவில் 72. பொருளாதாரம் சரிந்தாலும், படித்த தாயும் பக்கத்தில் இருக்கும் ஆஸ்பத்திரியும் ஒரே நாளில் காணாமல் போவதில்லை.

அங்கேயும் சராசரி ஒன்றை மறைக்கிறது. தென்னார்க்காடு, சேலம், திருச்சி பக்கங்களிலிருந்து கங்காணிகள் கூட்டிக்கொண்டு போன குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் மலையகத் தேயிலைத் தோட்டங்களில் வாழ்கிறார்கள். 1948-இல் குடியுரிமை மறுக்கப்பட்ட மக்கள். 2016-இல் இலங்கை அரசே எடுத்த கணக்கில் நாட்டின் வறுமை 4.1 விழுக்காடு, தோட்டப் பகுதியில் 8.8. இரு மடங்குக்கும் மேல். நம் பக்கத்திலிருந்து போனவர்கள் அந்த நல்ல எண்ணுக்குள் மறைந்து நிற்கிறார்கள்.

வங்கதேசத்தின் கதை இன்னொரு விதம். 2003 பட்டியலில் நாம் 127, அவர்கள் 139. இன்று சமம். ஆயுளில் அவர்கள் நம்மைத் தாண்டி 75-ஐ நெருங்கிவிட்டார்கள். ஜான் டிரீஸும் அமர்த்தியா சென்னும் 2013-இல் எழுதிய நூலில் இதைத்தான் அழுத்திச் சொன்னார்கள்: இந்தியரின் வருமானம் வங்கதேசத்தவரின் வருமானத்தைப்போல் இரு மடங்கு ஆகிக்கொண்டிருந்த காலத்திலேயே, குழந்தை பிழைப்பதிலும் ஆயுளிலும் அவர்கள் நம்மை முந்தினார்கள். பெரிய ஆஸ்பத்திரிகள் கட்டி அதைச் சாதிக்கவில்லை. 1980-களில் பிராக் என்ற தொண்டு நிறுவனத்தின் பெண் ஊழியர்கள் வீடு வீடாகப் போய், வயிற்றுப்போக்கு வந்த குழந்தைக்குத் தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்பும் ஒரு பிடி வெல்லமும் கலந்து கொடுக்கத் தாய்மாருக்குக் கற்றுத்தந்தார்கள். பத்தாண்டுகளில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்குப் போனார்கள். பிறகு ஆடைத் தொழிற்சாலைகளில் சம்பளம் வாங்கிய லட்சக்கணக்கான இளம்பெண்கள் குடும்பத்துக்குள் தங்கள் சொல்லுக்கு மதிப்பு தேடிக்கொண்டார்கள்.

தமிழ்நாடு இந்த இரண்டு பாதைகளிலும் நடந்த மாநிலம். 2023-ஆம் ஆண்டு மாதிரிப் பதிவுக் கணக்குப்படி பிறக்கும் 1,000 குழந்தைகளில் ஓர் ஆண்டுக்குள் இறப்பவை தமிழ்நாட்டில் 12, இந்தியாவில் 25. நிதி ஆயோக்கின் பன்முக வறுமைக் கணக்கில் 2019–21-இல் தமிழ்நாட்டில் ஏழைகள் 2.2 விழுக்காடு, இந்தியாவில் ஏறத்தாழ 15. பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போகாத தாய் இன்று அபூர்வம். விழுப்புரத்துக்கும் 2010-இல் முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது.

அப்படியிருந்தும் 2017-இல் வந்த மாநிலத்தின் அடுத்த மனித மேம்பாட்டு அறிக்கையில் 32 மாவட்டங்களில் விழுப்புரம் கடைசி நான்கில் நின்றது. கணக்கிட்ட முறை மாறியதால் மதிப்பெண்ணை 2003-ஓடு ஒப்பிட முடியாது, ஆனால் நிற்கும் இடம் ஏறக்குறைய அதேதான். ஏன்?

எழுத்தறிவு ஒரு காரணம். 2011-இல் மாநிலம் 80 விழுக்காடு, விழுப்புரம் 72-ஐ ஒட்டி. பெண்களில் 63-ஐ ஒட்டி. படிக்காமல் விட்ட ஒரு தலைமுறையின் பாரம் இன்னும் இறங்கவில்லை. விவசாய வருமானம் அடுத்த காரணம். நூற்றுக்கு 85 பேர் கிராமத்தில் இருந்த மாவட்டம் இது. இந்த மண்ணின் பெயரைத் தாங்கிய விதை இந்தியா முழுக்க விளைந்தது. திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தில் பிறந்த டி.எம்.வி. நிலக்கடலை ரகங்கள் ஆந்திரத்திலும் கர்நாடகத்திலும் லட்சக்கணக்கான ஏக்கரில் பயிராயின. திண்டிவனத்து விவசாயியின் வருமானமோ மழையை நம்பியே நின்றது. கடலையை மூட்டையாக விற்பவருக்கும் அதை எண்ணெயாக்கி விற்பவருக்கும் இடையில்தான் காசு தங்குகிறது.

இன்னொரு காரணத்தை அறிக்கைகள் மென்மையாகச் சொல்கின்றன. நான் நேராகவே சொல்கிறேன், சாதி. மாநிலத்தில் பட்டியல் சாதியினர் 20 விழுக்காடு என்றால் இந்த மாவட்டத்தில் 29. நிலம் பெரும்பாலும் அவர்களிடம் இல்லை. மேல்பாதி திரௌபதி அம்மன் கோயிலுக்குள் அவர்களை விடமாட்டோம் என்ற சண்டையில் 2023 ஜூனில் கோயிலுக்கே சீல் வைக்க வேண்டி வந்தது. எந்த மேம்பாட்டுக் குறியீட்டிலும் இதற்கு ஒரு புள்ளி குறைப்பதில்லை. செங்கல் சூளைகளில் முன்பணம் வாங்கிக் குடும்பத்தோடு அடைபட்ட இருளர் பழங்குடியினருக்கு, திண்டிவனத்தில் பேராசிரியர் பிரபா கல்விமணி போன்றவர்கள் சங்கம் வைத்துப் போராடித்தான் சாதிச் சான்றிதழே கிடைத்தது. சான்றிதழ் இல்லாத குழந்தைக்கு உதவித்தொகை இல்லை, மேற்படிப்பும் எட்டாது. அந்தக் குழந்தை மாவட்டத்தின் சராசரிக்குள்கூட சரியாக வந்து சேர்வதில்லை.

வெள்ளமும் அப்படித்தான். 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயலில் மயிலத்தில் ஒரே நாளில் அரை மீட்டர் மழை கொட்டியது. தென்பெண்ணையில் வந்த வெள்ளம் இருவேல்பட்டு வீடுகளுக்குள்ளும் புகுந்தது. நெல்லும் மாடும் பள்ளிப் புத்தகமும் போன குடும்பம் எத்தனை ஆண்டு பின்னால் போயிருக்கும் என்று எந்தப் பட்டியலில் தேடுவது?

நாடுகளை வரிசைப்படுத்துவது தவறில்லை. இலங்கையையும் வங்கதேசத்தையும் பார்த்துதான் நாம் எங்கே தவறினோம் என்று தெரிந்துகொள்கிறோம். அதே அக்கறையோடு மாவட்டத்தையும் வட்டத்தையும் ஊராட்சியையும் எண்ண வேண்டும், அதுவும் ஆண், பெண், சாதி வாரியாக. இன்று நாம் பேசும் மாவட்ட எண்கள் பலவும் 2011-இல் எடுத்தவை. அன்று பிறந்த குழந்தை இப்போது உயர்நிலைப் பள்ளியில் இருக்கிறது. அந்தக் கணக்கை வைத்துக்கொண்டு திட்டம் போடுவது அந்தக் குழந்தைக்குச் செய்யும் அநீதி.

அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2027 மார்ச் 1-ஐக் கணக்கு நாளாகக் கொண்டது. இந்த முறை சாதியும் கேட்கப்படும். கணக்கெடுப்பாளர் வரும்போது, எந்த வகுப்போடு உங்கள் மகள் படிப்பை நிறுத்தினாள், குடிநீர் எங்கிருந்து வருகிறது என்பதையெல்லாம் உள்ளது உள்ளபடி சொல்லுங்கள். சூளையிலும் கரும்புத் தோட்டத்திலும் தங்கி வேலை செய்யும் குடும்பங்கள் விடுபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எண்கள் வந்த பிறகு கிராம சபையில் எழுந்து, உங்கள் ஊராட்சியின் எண்களைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள்.