பசை வாசனையும் பிள்ளைகளின் நரம்புகளும்



போதை என்றதும் நமக்கு மதுவும் கஞ்சாவும்தான் நினைவுக்கு வருகின்றன. பஞ்சர் சொல்யூஷன், பெயிண்ட் தின்னர், ஒயிட்னர் இவற்றை முகர்வதும் போதையே. போதை தரும் எதுவும் ஹராம் என்ற சட்டம் இதற்கும் பொருந்தும். மத்திய அரசுக்காக எய்ம்ஸ் நடத்தி 2019-இல் வெளியான ஆய்வில், பெரியவர்களைவிடச் சிறுவர்களிடம் அதிக விகிதத்தில் காணப்பட்ட போதை இது ஒன்றுதான். பெரியவர்களில் 0.58 சதவீதம், 10 முதல் 17 வயதுள்ளவர்களில் 1.17 சதவீதம். பாட்டில் ஒயிட்னர், தின்னரின் சில்லறை விற்பனைக்கு 2012-இல் தடை வந்தது. பசைக்கும் பெயிண்ட் தின்னருக்கும் அப்படி இல்லை.

பல பசைகளில் ஹெக்ஸேன் என்ற கரைப்பான் கலந்திருக்கிறது. உடலுக்குள் போனதும் கல்லீரல் அதை நரம்பைத் தாக்கும் நச்சாக மாற்றுகிறது. நீளமான நரம்புகள் முதலில் கெடுவதால் பாதத்தில்தான் தொடங்கும். விரல்கள் மரத்துப்போகும், செருப்பு நழுவும், படியேறக் கால் தடுக்கும். பிறகு கைப்பிடி தளரும். தின்னரில் உள்ள டொலுவின் மூளையையே பாதித்து, நடையையும் ஞாபகத்தையும் குலைக்கும்.

முகர்வதை நிறுத்திய பிறகும் சில வாரங்கள், சில மாதங்கள்கூட பலவீனம் கூடலாம். "விட்டும் குணமாகவில்லையே" என்று மனம் தளர வேண்டாம். நரம்பு மெதுவாகத்தான் வளரும். சீக்கிரம் நிறுத்தியவர்களில் பலர் தேறிவிடுகிறார்கள். மிகவும் முற்றிய பிறகு நிறுத்தினால் குறை தங்கிவிடலாம்.

இங்கேதான் நாம் தவறு செய்கிறோம். கால் மரத்த பையனை டாக்டரிடம் கூட்டிப்போகிறோம். மானத்துக்குப் பயந்து பசை விஷயத்தை மறைத்துவிடுகிறோம். வேறு பல நோய்களிலும் இதே பலவீனம் வரும். காரணம் தெரியாவிட்டால் டாக்டர் எதற்கு வைத்தியம் பார்ப்பார்? சத்து மாத்திரை மட்டும் போதாது. உண்மையைச் சொல்லுங்கள்.

முகர்ந்துகொண்டிருப்பவனைக் கண்டால் கத்தாதீர்கள், துரத்தாதீர்கள். அந்த நேரத்தில் திடீர்ப் பதற்றம் இதயத் துடிப்பையே நிறுத்திவிடக்கூடும். காற்றோட்டமான இடத்தில் அமைதியாக உட்கார வையுங்கள். மயங்கினால் 108-ஐ அழையுங்கள்.

பெயிண்ட், ரெக்ஸின், செருப்பு வேலை செய்யும் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. 1960-களில் ஜப்பானில் செருப்பு ஒட்டிய தொழிலாளர்களுக்குப் போதைப் பழக்கம் இல்லாமலே இந்த நோய் வந்தது. கதவு, ஜன்னலைத் திறந்து வைத்து வேலை செய்யுங்கள். டப்பாவை மூடி வையுங்கள்.

சேலம் அரசு மருத்துவமனைக்குப் போகலாம். போதை மீட்பு ஆலோசனைக்கு 14446, குழந்தைகளுக்கான உதவிக்கு 1098. இரண்டும் கட்டணமில்லா எண்கள். துணைக்கு ஆள் வேண்டுமென்றால் டிரஸ்ட் அலுவலகத்தில் சொல்லுங்கள், விஷயம் வெளியே போகாது. அல்லாஹ் நம் பிள்ளைகளைப் பாதுகாப்பானாக.

செயலாளர்