ஸெய்ரெக் மேட்டில் ஒரு மருந்துக்கடை

பத்து மில்லிகிராம் மார்ஃபின் என்பது ஓர் அரிசி மணியில் ஏறக்குறையப் பாதி. வலியைத் தணிக்க அவ்வளவு போதும். அதையே பத்து மடங்காக ஊசியில் ஏற்றினால், பழக்கமில்லாத உடம்பில் மூச்சே நின்றுபோகலாம். அபினில் இருக்கும் மார்ஃபினோ விளைச்சலுக்கு விளைச்சல் கூடும், குறையும். கடுகளவு, மிளகளவு என்று கண் மதிப்பில் அபின் கொடுத்து வந்த காலத்தில், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மார்ஃபினையும் 1820இல் கொய்னாவையும் தனியே பிரித்தெடுத்தார்கள். அதன் பிறகு கைப்பழக்கம் மட்டும் போதவில்லை. நுண்ணிய தராசும் வேதியியல் படிப்பும் தேவைப்பட்டன.

இஸ்தான்புல் மக்கள் காலங்காலமாக மருந்து வாங்கியது அக்தார் கடையில். நம் நாட்டு மருந்துக் கடையேதான்: வேர், பட்டை, விதை, கூடவே வாசனைச் சரக்கு. நாம் பூசும் அத்தரும் அந்த அக்தாரும் ஒரே அரபு வேரிலிருந்து வந்த சொற்கள். தராசு வைத்த புதுக் கடைக்கு எஜ்ஸானே என்று பெயர் வந்தது. எஜ்ஸா என்றால் கூறுகள், ஹானே என்றால் வீடு. கூறுகளை நிறுத்துச் சேர்க்கும் வீடு! வேலையை இவ்வளவு சரியாகச் சொல்லும் கடைப்பெயர் வேறொன்று எனக்குத் தெரியவில்லை.

அந்தக் கடைகளை நடத்தியவர்கள் பெரும்பாலும் கிரேக்கர், ஆர்மீனியர், யூதர், ஐரோப்பிய வம்சாவளியினர். முஸ்லிம்கள் அங்கே அரிதாக இருந்ததற்கான காரணத்தை வகுப்பறையில் தேட வேண்டும். 1839இல் இராணுவ மருத்துவப் பள்ளியில் மருந்தாளர் வகுப்பு தொடங்கியது. பள்ளியை நடத்த வந்தவர் வியன்னாவின் மருத்துவர் பெர்னார்ட், பாடமெல்லாம் பிரெஞ்சில். தேறி வந்த முஸ்லிம் மாணவர்களுக்குப் படையில் வேலை காத்திருந்தது. 1861 விதிமுறைகளோ, படித்துச் சான்றிதழ் பெற்றவரே ஊருக்குள் மருந்துக்கடை நடத்தலாம் என்றன.

பூட்டைத் திறந்தது மொழிதான் என்று நினைக்கிறேன். 1867இல் தொடங்கிய குடிமை மருத்துவப் பள்ளி துருக்கி மொழியில் கற்பித்தது. 1870இல் இராணுவப் பள்ளியும் துருக்கி மொழிக்கு மாறியது. 1873இல் ஒஸ்மானிய மருத்துவச் சங்கம் மருத்துவ அகராதி ஒன்றை அச்சிட்டது. அடுத்த ஏழே ஆண்டில், 1880இல், ஸெய்ரெக் மேட்டில் ஹம்தி பே என்ற மருந்தாளர் கடை திறந்தார். இஸ்தான்புல்லில் முஸ்லிம் துருக்கியர் ஒருவர் திறந்த முதல் மருந்துக்கடை என்று துருக்கியர் அதைத்தான் சொல்கிறார்கள்.

பிறகு வேகம் கூடியது. 1895இல் இஸ்தான்புல்லின் அக்சராயில் எத்ஹெம் பெர்தெவ் என்ற மருந்தாளர் கடை வைத்தார். அவர் பெயர் தாங்கிய முகக் கிரீம் வீடுவீடாகப் போய்ச் சேர்ந்தது. இஸ்மிர் நகரில் சுலைமான் ஃபெரித் என்ற மருந்தாளர் 'தங்கத் துளி' என்ற கொலோன் தயாரித்தார். வரும் விருந்தாளியின் உள்ளங்கையில் கொலோன் ஊற்றி வரவேற்பது துருக்கிய வழக்கம். சுலைமான் ஃபெரித்துக்கு 1909இல் கிடைத்த பட்டம் எஜ்ஸாஜிபாஷி, அதாவது தலைமை மருந்தாளர். 1934இல் எல்லோரும் குடும்பப் பெயர் வைத்துக்கொள்ள வேண்டும் என்று சட்டம் வந்தபோது, அந்தப் பட்டமே அவர் குடும்பத்தின் பெயராயிற்று. இன்று துருக்கியின் புகழ்பெற்ற மகளிர் வாலிபால் அணி ஒன்று அதே பெயரோடு களமிறங்குகிறது.