விண்விளிம்பு வரை ஒரு பாவனைப் பயணம்

விண்ணின் விளிம்பைத் தொட்டு மீளும் விமானத்தைச் செலுத்திப் பார்க்கும் வாய்ப்பு, மாதுங்காவில் ஓர் அன்பர் இல்லத்துக் கணிப்பொறியில் நமக்குக் கிட்டியது. தாய் விமானம் நம்மை விடுவித்ததும் ராக்கெட்டை மூட்டினோம், நீலவானம் கறுத்தது, நிலத்தின் வளைவு தெரிந்தது, இறங்கினோம். கையருகே இருந்த காப்பி தளும்பவேயில்லை!

இது வெறும் விளையாட்டன்று. அமெரிக்காவில் 1959 முதல் 1968 வரை 199 முறை பறந்த எக்ஸ்-15 விமானத்தின் விமானிகள், 10, 12 நிமிடப் பறப்பு ஒன்றிற்காக 15, 20 மணி நேரம் பாவனைப் பொறியில் பழகினர். மாதுங்காவில் ரயிலேறிக் குர்லாவைத் தாண்டும் நேரத்திற்கு அத்துணை உழைப்பு!

ஆயினும் அப்பொறி தராத பாடம் ஒன்றுண்டு. ஸ்பேஸ்ஷிப் டூ என்னும் விமானம் மீளும்போது நிலைகுலையாதிருக்க, அதன் வாலை இறகுப்பந்தின் இறகு போல மேலே மடித்தனர். அதற்கான பூட்டை, ஏறுகையில் ஒலியின் வேகத்தைப்போல் 1.4 மடங்கு எட்டிய பின்னரே திறக்க வேண்டியிருந்தது. 2014 அக்டோபர் 31 அன்று, கலிபோர்னியாவில், துணை விமானி மைக்கேல் அல்ஸ்பரி 0.8 மடங்கிலேயே திறந்துவிட்டார். விமானம் சிதறியது, அவர் மாண்டார். அவர் பயின்ற பாவனைப் பொறியில் மெய்யான பறப்பின் அதிர்வும் அழுத்தமும் இல்லை என்று ஆய்வாளர் கண்டனர். ஒரு கை தவறினால் தடுக்கும் ஏற்பாடும் விமானத்தில் இல்லை. மாண்டவரை மட்டும் குறைகூற நமக்கு மனம் வரவில்லை.

நம் நாட்டின் ககன்யான் பயணத்திற்குத் தேர்ந்த நால்வருள் சென்னையில் பிறந்த அஜித் கிருஷ்ணனும் ஒருவர். 2020, 2021 ஆண்டுகளில் ரஷ்யாவில் பயின்றபோது, உடலைச் சுழற்றி அழுத்தும் பொறியிலும் அந்நால்வரும் அமர்ந்தெழுந்தனர்.