டிசம்பர் 1: நாங்கள் ஏன் நடக்கிறோம்?



டிசம்பர் 1 உலக எய்ட்ஸ் தினம். அன்று நமது கூட்டமைப்பு நடத்தும் நடைப்பயணத்தில் களப்பணியாளர்களாகிய நாங்களும் நடக்கிறோம். "உங்களுக்கு இது வேலை, நடக்கிறீங்க. எங்களுக்கு என்ன?" என்று ஒரு குழுக் கூட்டத்தில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். எங்கள் காரணத்தைச் சொல்லிவிடுகிறோம்.

2019-ல், சேமிப்பைத் தவறாமல் கட்டிவந்த ஒரு அக்கா மூன்று கூட்டத்துக்கு வரவில்லை. (பெயரும் ஊரும் எழுதமாட்டோம். இதை எழுதுவதற்கும் அவரிடம் கேட்டுக்கொண்டோம்.) வீட்டுக்குப் போனோம். கணவர் இறந்த பிறகு தனக்கும் எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது என்றார். ஊரில் பேச்சு கிளம்பி, கூட்டத்தில் அவருக்கு மட்டும் தனி டம்ளர் வைத்திருக்கிறார்கள். பேசிக்கொண்டே எங்களுக்கு டீ கொண்டுவந்தார். "இப்பதான் குடிச்சோம்க்கா" என்றோம்.

பொய். நாங்கள் குடித்திருக்கவில்லை. டம்ளரால் பரவாது என்று முந்தின வாரம்தான் சார்ட் ஒட்டி வகுப்பு எடுத்திருந்தோம். அக்கா ஒண்ணும் சொல்லலை. டீயை எடுத்து உள்ளே வைத்துவிட்டார்.

படித்தது மூளையில் இருந்தது, பயம் கையில் இருந்தது. அதனால்தான் நடக்கிறோம்.

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986-ல், நம்ம சென்னையில்தான். பாதுகாப்பற்ற உடலுறவு, பரிசோதிக்காத ரத்தம், ஒருவருக்குப் போட்ட ஊசி, தாயிடமிருந்து குழந்தைக்கு என்று மட்டுமே இது பரவும். சேர்ந்து சாப்பிடுவதால், ஒரே கழிப்பறையால், கொசுவால் பரவாது. 2004 முதல் அரசு கூட்டு மருந்து சிகிச்சையை இலவசமாகத் தருகிறது. மாத்திரையை விடாமல் சாப்பிட்டு, ரத்தத்தில் கிருமி தென்படாத அளவுக்குக் குறைந்து அப்படியே இருந்தால், உடலுறவு மூலமும் அவரிடமிருந்து பரவாது. கர்ப்பிணிக்கு நேரத்தோடு சிகிச்சை தொடங்கினால் குழந்தைக்கு வரும் வாய்ப்பு மிகவும் குறைந்துவிடும். அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தில் பரிசோதனை இலவசம், ரகசியமாக வைப்பார்கள்.

மாத்திரை இலவசம் சரி, வெளியூர் பஸ்ஸுக்குக் காசு வேணுமே? ஒரு நாள் கூலியும் போகும். தெரிந்தவர்கள் பார்த்துவிடுவார்களோ என்று பக்கத்து மையத்தை விட்டுத் தூரத்து மையத்துக்குப் போகிறவர்களும் உண்டு. நடைப்பயணத்தில் ஆளுக்குப் பத்து ரூபாய் சேர்ப்பது இந்தப் பஸ் செலவுக்குத்தான். பணத்தை மையத்தின் ஆலோசகர் மூலமாகக் கொடுப்போம். யாருக்குப் போனது என்பது தீர்மானப் புத்தகத்தில் ஏறாது.

"யாருக்கு இருக்குன்னு சொன்னா நேர்ல போய்க் குடுக்கலாமே" என்று ஒரு ஊக்குநர் கேட்டார். நல்ல மனசுதான். ஆனால் 2017-ல் வந்த எச்.ஐ.வி. சட்டப்படி, சம்மதம் இல்லாமல் ஒருவரது நிலையை வெளியே சொல்லக்கூடாது. வேலையிலோ பள்ளியிலோ மருத்துவமனையிலோ ஒதுக்கவும் கூடாது.

அந்த அக்காவையும் நடைக்குக் கூப்பிட்டோம். "நான் வரலை. நீங்க எந்தத் தெருவுல வேணாலும் நடங்க, என் வீட்டு முன்னாடி மட்டும் நிக்காதீங்க" என்றார். நிற்கமாட்டோம். போன வாரம் போனபோது டீ கொடுத்தார், குடித்தோம். சர்க்கரை கொஞ்சம் தூக்கலாக இருந்தது.

காலை 9 மணிக்குக் கூட்டமைப்பு அலுவலகத்தில் கூடுவோம். குடிக்கத் தண்ணீர் கொண்டு வாருங்கள். சந்தேகம் இருந்தால் 1097-க்குப் போன் பண்ணுங்கள், கட்டணம் இல்லை, பெயரும் சொல்ல வேண்டாம்.