குழந்தைப் பால் பதிலிகள் சட்டம், 1992 (இந்தியா)

குழந்தைப் பால் பதிலிகள், பாற்புட்டிகள், குழந்தை உணவுகள் (உற்பத்தி, வழங்கல், வினியோகம் ஒழுங்குபடுத்தல்) சட்டம், 1992 என்பது தாய்ப்பாலூட்டலைப் பாதுகாக்கும் பொருட்டு இந்திய நாடாளுமன்றம் இயற்றிய சட்டமாகும். இது ஆகஸ்ட் 1, 1993 அன்று நடைமுறைக்கு வந்தது, 2003இல் திருத்தப்பட்டது. இச்சட்டம் பால்மாவு விற்பனையைத் தடை செய்யவில்லை. பால்மாவை விளம்பரம் செய்வதையும், இலவசமாகவோ பரிசு தந்தோ பரப்புவதையுமே தடை செய்கிறது.

பின்னணி

குழந்தை பால் குடிக்கக் குடிக்கவே தாய்க்குப் பால் சுரக்கும். பிறந்த சில நாட்களில் புட்டிப்பால் கொடுக்கப்பட்டால், குழந்தை தாயிடம் குடிப்பது குறைந்து சுரப்பும் குறைகிறது. இலவச மாதிரி தீரும்போது, பால்மாவை விலைக்கு வாங்குவது தவிர வேறு வழி இல்லாத நிலை குடும்பத்துக்கு ஏற்படலாம். வறிய குடும்பங்களில் பால்மா அதிக நீர் கலந்து கரைக்கப்படுவதுண்டு; நீர் தூய்மையற்றதாயின் வயிற்றுப்போக்கும், தொடர்ந்து ஊட்டக்குறைவும் உண்டாகின்றன.

வளரும் நாடுகளில் இவ்வாறு குழந்தைகள் இறப்பதை 1974இல் பிரித்தானியாவில் வெளியான ஒரு சிறுநூல் எடுத்துக்காட்டியது. 1977இல் அமெரிக்காவில் நெசுலே நிறுவனப் பொருட்களைப் புறக்கணிக்கும் இயக்கம் தொடங்கியது. 1981 மே மாதத்தில் உலக சுகாதாரப் பேரவை, தாய்ப்பால் பதிலிகளைச் சந்தைப்படுத்துவதற்கான பன்னாட்டு நெறிமுறையை ஏற்றது. 118 நாடுகள் ஆதரித்தன. அமெரிக்கா மட்டும் எதிர்த்தது. இந்தியா 1983இல் தனக்கென ஒரு நெறிமுறையை வெளியிட்டது. அதற்குச் சட்ட வலு இல்லாமையால் 1992இல் இச்சட்டம் இயற்றப்பட்டது.

முக்கிய விதிகள்

* பால் பதிலிகளையும் பாற்புட்டிகளையும் விளம்பரம் செய்தல் கூடாது.
* தாய்மாருக்கு இலவச மாதிரிகளோ பரிசுகளோ வழங்கலாகாது.
* பால் பதிலிக் கலன்களின் மீது தாய்ப்பாலே சிறந்தது என்னும் அறிவிப்பு இருத்தல் வேண்டும். குழந்தை அல்லது பெண்ணின் படம் இருத்தல் கூடாது.
* மருத்துவமனைகளில் இப்பொருட்களின் விளம்பரப் பலகைகளை வைத்தல் கூடாது.
* சுகாதாரப் பணியாளருக்குப் பணமோ பரிசோ வழங்கலாகாது.

பாலூட்ட இயலாத தாய்மாருக்குப் பால் பதிலியைப் பயன்படுத்தும் முறையைச் சுகாதாரப் பணியாளர் மட்டுமே செய்து காட்டலாம். தவறான பயன்பாட்டின் தீங்குகளையும் அவர் விளக்குதல் வேண்டும். விளம்பரத் தடையை மீறுவோருக்கு 3 ஆண்டுகள் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்க 1992ஆம் ஆண்டுச் சட்டம் வகை செய்தது. அரசு அங்கீகரித்த தன்னார்வ அமைப்புகளும் நீதிமன்றத்தில் முறையிடலாம்.

2003ஆம் ஆண்டுத் திருத்தம், இரண்டு வயது வரையிலான குழந்தைகளுக்குரிய உணவுகளின் விளம்பரத்தையும் தடை செய்தது. மருத்துவர்களின் கருத்தரங்குகளுக்கு நிறுவனங்கள் நிதியளிப்பதும் தடுக்கப்பட்டது.

தாய்மாருக்கான ஆதரவு

விளம்பரத்தைத் தடுப்பதால் மட்டும் பாலூட்டல் நிலைபெறாது. தாய்க்கு நேரமும் இடமும் தேவை. 2017இல் மகப்பேற்று நலச் சட்டம் திருத்தப்பட்டு, முதல் இரு குழந்தைகளுக்கு ஊதியத்துடன் கூடிய விடுப்பு 12 கிழமைகளிலிருந்து 26 கிழமைகளாக உயர்த்தப்பட்டது. 50 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் நிறுவனங்களில் குழந்தைகள் காப்பகம் கட்டாயமாக்கப்பட்டது. எனினும் அமைப்புசாராத் தொழில்களில் உள்ள பெண்களுள் பெரும்பாலோர்க்கு இவை கிட்டுவதில்லை. தமிழ்நாட்டில் 2015இல் பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகள் திறக்கப்பட்டன.

இன்றைய நிலை

ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளுள் தாய்ப்பால் மட்டும் பெறுவோர், தேசிய குடும்பநல ஆய்வின்படி 2005-06இல் 46.4 விழுக்காட்டினர், 2019-21இல் 63.7 விழுக்காட்டினர். ஆனால் 2019-21 ஆய்வின்படி, பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் பெற்றோர் 41.8 விழுக்காட்டினரே.

இரண்டு வயதைக் கடந்த குழந்தைகளுக்கான பால்மா இச்சட்டத்தின் எல்லைக்குள் வராது. அதன் கலன் தோற்றத்தில் கைக்குழந்தைக்கான பால்மாக் கலனை ஒத்திருந்தால், ஒன்றுக்கான விளம்பரம் மற்றொன்றுக்கும் விளம்பரமாகிவிடுகிறது. சமூக ஊடகப் பிரபலங்கள், கைபேசிச் செயலிகள் வழியாகவும் நிறுவனங்கள் தாய்மாரை அணுகுவதை உலக சுகாதார அமைப்பின் 2022ஆம் ஆண்டு அறிக்கை சுட்டிக்காட்டியது.